கண்ணாடி அலுமாரியில் ஒரு கால்

சப்பாத்து வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது குதியின் உயரத்தை. நிறமும் விலையும் தோலும் பிறகுதான். ஒருமுறை நெல்லியடியில் ஒரு கடையில் சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்துக் குதியை அளந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணை என்ன, மேசன் வேலையோ?" என்று கேட்டார். காற்சட்டையை உயர்த்தி இடது பொய்க்காலைக் காட்டினேன். அவருடைய முகம் மாறியது. நான் கேட்காமலே விலையைக் குறைத்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. சப்பாத்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

பொய்க்கால் செய்கிறவர், நீங்கள் போடும் சப்பாத்தின் குதி உயரத்தைப் பார்த்துத்தான் பாதத்தைச் சரித்துப் பூட்டுவார். சப்பாத்தைக் கழற்றினால் குதிக்குக் கீழே வெறும் இடம். உடம்பு பின்னுக்குச் சரியும். வெறுங்காலோடு நடப்பதற்கென்றே செய்த கால்களும் உண்டு. என்னுடையது அந்த வகை இல்லை. இதை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பாருங்கள். கோயில், வீடு, செத்தவீடு, மணவறை என்று எங்கு போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது மங்கள விளக்கு. இங்கே விளக்கேற்றாமல் ஒரு கூட்டமும் தொடங்காது, விளக்கடிக்குச் சப்பாத்தோடு ஒருவரும் போகக் கூடாது. விளையாட்டு நிர்வாகம் என்று உள்ளே வந்தபிறகு நான் ஓடியதைவிட விளக்கேற்றியதுதான் அதிகம். பழைய செருப்பில் சீவிய ஒரு ரப்பர்த் துண்டைக் காலுறைக்குள், குதிக்குக் கீழே செருகிக்கொண்டுதான் மேடை ஏறுவேன். மறந்துபோன நாட்களில் பின்னுக்குச் சரிந்தபடி நிற்பேன். படங்களில் நான் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்பது போலத் தெரியும்.

கால் போன கதையை எல்லோரும் கேட்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் எங்கள் தோட்டக் காணியின் வேலியோரம் மிதிவெடி. முழங்காலுக்குக் கீழே போனது. எனக்கு அப்போது மீசை அரும்பவில்லை.

பிறகு ஓடினேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ஓட்டக்காரர் தான் பாவித்த ஓடும் காலை எனக்குத் தந்துவிட்டுப் போனார். வளைந்த காபன் தகடு, அதன் நுனியில் ஆணி வைத்த ரப்பர் அடி. நாங்கள் அதைப் பிளேட் என்போம். மிச்சக்கால் போய் உட்காரும் கூட்டை இங்கே செய்வித்தேன். அந்தக் காலோடு தெற்கே போய் நூறு மீற்றர் ஓடி, பதக்கத்தோடு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கொக்குவிலில் இறங்கி நடந்து வந்தபோது முன்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "கொழும்பிலை அலுவல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். அதுதான் எனக்கு நடந்த வரவேற்பு. ஒரு மாலை இல்லை, ஒரு தேத்தண்ணி இல்லை. பிறகு ஒரு பயிற்சியின்போது தகட்டின் வளைவில் வெடிப்பு விழுந்தது. வேறு கால் வாங்க வழியில்லை, ஓட்டம் அதோடு நின்றது. அந்தக் காலை உரப்பையில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். எறிய மனம் வரவில்லை.

பயிற்றுநர் ஆனது வேறு ஆள் இல்லாததால். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் விளையாட்டுப் பிரிவுக்குச் செயலாளர் ஆனது எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்பதால். சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். இரண்டு காலும் நல்ல சுகம். நடக்கவே பிடிக்காது, எங்கும் காரில்தான் வருவார்.

என்னிடம் ஓடப் பழக வந்தவள் வடமராட்சியின் கரையோரத்துப் பெண். முப்பது தாண்டியவள், கணவன் கடலுக்குப் போகிறவர், ஒரு மகள். சைக்கிளில் போனவளை மணல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்று அடித்துவிட்டுப் போனது; வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. என்னிடம் வந்த முதல் நாளே, நடக்கச் செய்து கொடுத்த பாரக் காலோடு மைதானத்தைச் சுற்றி ஓடிக் காட்டினாள். ஓடியது அழகாக இல்லை. ஆனால் விழுந்துவிடுவேனோ என்ற பயம் அந்த உடம்பில் இல்லை. அதைப் பயிற்சியால் கொடுக்க முடியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோசத்தில் பசிக்கவில்லை.

அவளைத் தலைவருக்கு அறிமுகப்படுத்தினேன்.

"செல்லடியோ, மிதிவெடியோ?" என்று கேட்டார்.

"டிப்பர், சேர்," என்றாள்.

"ஓ... டிப்பரோ," என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டிப்பர் அடித்துப் போன காலுக்கு வெளிநாட்டில் யார் அழுவார்கள் என்ற யோசனை அவருக்கு.

ஆனாலும் ஒரு பிளேட் வாங்கித் தர வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் முன்வந்தார்கள். உடனே தலைவர் ஆள் அனுப்பி, அவளுடைய இடது பாதத்தைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் கீறி எடுப்பித்தார். வெளிநாட்டு மாமா சப்பாத்து அனுப்புவதென்றால் பாதத்தைக் கீறி அனுப்புவதுதானே எங்கள் வழக்கம். இருக்கிற காலின் அளவில் இல்லாத காலுக்குச் சப்பாத்து. நான் அந்தப் பேப்பரை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய நிறையையும் உயரத்தையும் மிச்சக்காலின் நீளத்தையும் எழுதி அனுப்பினேன். அதனால்தான் சரியான தகடு வந்து சேர்ந்தது. கூட்டை இங்கே, அவளுடைய மிச்சக்காலில் அச்சு எடுத்துச் செய்வித்தோம். அது அவளைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத கால். தேசிய அணிக்கான தெரிவுப் போட்டிக்குச் சில கிழமைகள்தான் இருந்தன. பாரக் காலோடு ஓடினால் அவள் தெரிவாக மாட்டாள். இந்தக் காலில் பழகினால் ஆவாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கையளிக்கும் விழா ஒரு மண்டபத்தில் நடந்தது. காசு கொடுத்தவர்களில் சிலர் விடுமுறைக்கு வந்திருந்தார்கள், கையில் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி. அவள் புதுக் காலைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினாள். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

"இப்ப எங்கடை வீராங்கனை மங்கள விளக்கை ஏத்துவா," என்று ஒலிவாங்கியில் சொன்ன தலைவர், அவள் விளக்கை நோக்கி நடக்கத் தொடங்கியதும் அவசரமாகக் கையை நீட்டினார். "பிள்ளை, பிள்ளை, நில்லும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும்."

அவள் தன் இடது காலைப் பார்த்தாள். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தாள்.

"மற்றக் கால்," என்றார் தலைவர்.

நான் எழும்பினேன். "சேர், அது சப்பாத்தில்லை. கால்."

"அடியிலை ரப்பர் கிடக்கு, ஆணியும் கிடக்கு. உது சப்பாத்துத்தானே, செயலாளர்?"

"அது காலோடை ஒட்டினது. கழட்டிறதெண்டால் முழுக்காலையும்தான் கழட்டவேணும்."

"ரெண்டு நிமிசம்தானே. கழட்டிப்போட்டு ஏத்தட்டும். விளக்கடிக்கு ஆணிச் சப்பாத்தோடை போறது கூடாது, பாக்கிற சனமும் கதைக்கும்." முன்வரிசையில் இருந்த ஒருவரும், "ஓம் ஓம், முறை முறைதானே," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். இந்தக் காலை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். மேடையில், அத்தனை கைபேசிகளுக்கு முன்னால், ஒரு கதிரையில் இருந்து, பாவாடையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு காலைக் கழற்றினாள். கணவனுக்கும் தாதிக்கும் கால் செய்கிறவருக்கும் மட்டும் காட்டிய மிச்சக்கால் மண்டபம் முழுவதற்கும் தெரிந்தது. இரண்டு பேர் அவளைக் கதிரையோடு தூக்கி விளக்கடியில் கொண்டுபோய் வைத்தார்கள். எட்டி ஒரு திரியைக் கொளுத்தினாள். சனம் முன்பைவிடப் பலமாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டலை நான் யாருக்கும் மன்னிக்கப் போவதில்லை.

இதற்குள் ஒருவர் அந்தக் காலை எடுத்து விளக்குக்குப் பக்கத்து மேசையில் பட்டுத்துணி விரித்து வைத்தார். புதிதாக எடுத்த மோட்டார் சைக்கிளுக்கு வைப்பது போலச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், பூவும் போட்டார்கள். அவளுடைய உடம்பில் இருந்தபோது அது சப்பாத்து. மேசையில் ஏறியதும் சாமி.

விழா முடிந்ததும் அவள் காலைப் போட்டுக்கொள்ளப் போனாள். தலைவர் தடுத்தார்.

"உது சங்கத்தின்ரை சொத்து, பிள்ளை. ஒப்பீசிலை கண்ணாடி அலுமாரிக்குள்ளை இருக்கட்டும். போட்டிக்கு முதல் நாள் எடுத்துத் தருவம்."

"சேர், பழகவேணுமே," என்றாள்.

"பழகிறதுக்குப் பழங்கால் இருக்குத்தானே? உம்மடை வீடு கடக்கரை. உப்புக்காத்திலை துருப்பிடிச்சுப் போகும்."

காபன் துருப்பிடிக்காது என்று சொன்னேன். மிச்சக்காலின் தோல் தடிக்க வேண்டும், தகடு உடம்பைத் தள்ளும் விதத்தை உடம்பு படிக்க வேண்டும், அதற்கு நாள் வேண்டும் என்றும் சொன்னேன். "அதெல்லாம் விளங்குது," என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் வீடுகளில் நடப்பதுதான் இது. வெளிநாட்டிலிருந்து வந்த பூப்போட்ட கோப்பைகள் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக இருக்கும். நாங்கள் பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணி குடிப்போம். நல்ல சாமான் என்றால் பாவிக்கக் கூடாது. பாவித்தால் அது பிறகு நல்ல சாமான் இல்லை. இதை ஒரு பெண்ணின் காலுக்கும் செய்தார்கள்.

சங்கத்தின் அலுவலகம் உடுவிலில் ஒரு வாடகை வீடு. அலுவலகப் பூட்டின் திறப்பு என்னிடம், அலுமாரிப் பூட்டின் திறப்பு தலைவரிடம். வெளிநாட்டு ஆட்கள் வந்தால் தலைவர் அலுமாரியைக் காட்டுவார். அவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான்.

அவள் பாரக் காலோடு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் ஓடி முடித்து நிலத்தில் இருந்தபடி, "அண்ணை, என்ரை கால் என்ன செய்யுது?" என்று கேட்டாள். பள்ளிக்கூட விடுதியில் விட்ட பிள்ளையை விசாரிப்பது போலக் கேட்டாள். நான் அழுகிறவன் இல்லை. கோபம்தான் வரும்.

அடுத்த நாள் மத்தியானம் தலைவர் சாப்பாட்டுக்குப் போனபிறகு, என் கட்டிலுக்குக் கீழே கிடந்த உரப்பையோடு அலுவலகத்துக்குப் போனேன். நல்ல தேக்கு அலுமாரிதான், ஆனால் தச்சர் பின்பக்கத்துக்கு மெல்லிய பலகைதான் அடித்திருந்தார். சுவரிலிருந்து அலுமாரியை இழுத்து, குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினேன். அவளுடைய காலை எடுத்தேன். அந்த இடத்தில் என்னுடைய பழைய ஓட்டக் காலை வைத்தேன், வெடிப்பைப் பின்பக்கம் திருப்பி. சாமித்தட்டில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அதே இடத்தில் வைத்து, பட்டுத்துணியையும் சரிசெய்தேன். என்னுடையது இடது, அவளுடையது வலது. என் காலின் கூடு அவளுடையதைவிட ஒரு கை அகலம் பெரிது, நிறமும் மங்கல். பிள்ளைகளுக்குக் காட்டினாலே இரண்டும் வேறு என்று சொல்லிவிடுவார்கள். நான் ஆணிகளைத் திரும்ப அடித்துவிட்டு, கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தேன்.

மைதானத்தில் உரப்பையை அவிழ்த்ததும் அவள் பயந்துபோனாள்.

"அண்ணை, கேட்டுத்தானே எடுத்தனீங்கள்?"

"உம்மடை காலை ஆரிட்டைக் கேக்கவேணும்?" என்றேன். "போடும்."

முதல் நாட்களில் விழுந்தாள். தோல் உரிந்தது, இரத்தம் வந்தது, ஒரு நாள் அழுதாள், அழுதபடியே ஓடினாள். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், அவள் ஓடும் சத்தம் மாறியது. தகடு நிலத்தைத் தொட்டுக் கிளம்பும் அந்தச் சத்தத்தை நான் பல வருடங்களாகக் கேட்கவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அதை மறைத்துப் பேசி என்ன பயன்.

போட்டிக்கு முதல் நாள் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "சொந்தத்துக்கை ஒரு பிள்ளையின்ரை சாமத்தியவீடு, செயலாளர். திறப்பை ஆளிட்டைக் குடுத்து விடுறன், நீரே காலை எடுத்துக் குடும். வந்த உடனை வைச்சுப் பூட்டிப்போட வேணும், என்ன?"

"ஓம்," என்றேன். திறப்பு வந்தது. திரும்பி வந்ததும் பூட்டிவிட்டேன் என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தேன். அலுமாரி பூட்டித்தான் இருந்தது.

அவள் தெரிவானாள். முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் கொஞ்சத் தூரம் ஓடிப்போய், திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு நித்திரையானாள். என் வாழ்க்கையில் நல்லது என்று சொல்ல அந்தப் பயணம் இருக்கிறது.

ஊருக்கு வந்ததும் பாராட்டு விழா என்றார்கள். அதே மண்டபம், அதே விளக்கு. நான் அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"நான் வரேல்லை அண்ணை," என்றாள். குசினி வாசலில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. "இன்னொருக்கா அந்தச் சனத்துக்கு முன்னாலை என்னாலை கழட்டேலாது. என்ரை மகளும் வளந்திட்டாள், அவளும் வருவன் எண்டு நிப்பாள். அவள் அதைப் பாக்கவேண்டாம்."

நான் வற்புறுத்தவில்லை. தலைவரிடம் போய், அவளுக்குச் சுகமில்லை, விழாவை நிற்பாட்டுவோம் என்றேன்.

"மண்டபம் புக் பண்ணியாச்சு, சாப்பாடும் சொல்லியாச்சு. வெளிநாட்டிலை இருந்து நேரலையிலை பாக்கப்போகினம். அவ வராட்டி என்ன, கால் இருக்குத்தானே?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. விழாவன்று மேடையின் நடுவில் ஒரு கதிரை போட்டு, சிவப்புத் துணி விரித்து, அலுமாரியிலிருந்து கொண்டுவந்த காலைச் சாய்த்து வைத்தார்கள். அது என்னுடைய கால். வைத்தவருக்கு முன்பின் தெரியவில்லை, வெடிப்புச் சபையைப் பார்த்தபடி இருந்தது. தலைவர் அதற்குப் பொன்னாடை போர்த்தினார். பிரதம விருந்தினர் மல்லிகை மாலை போட்டார். இந்தக் கால்தான் எங்கள் மண்ணின் பெருமையை நாட்டுக்குக் காட்டியது என்று ஒருவர் பேசினார். கூட்டம் முழுவதும் அந்தக் காலைப் பார்த்தது. இது வேறு கால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் ஒருநாளும் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை, பிறகு எப்படித் தெரியும்.

விளக்கேற்ற என்னையும் கூப்பிட்டார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனேன். ரப்பர்த் துண்டு வீட்டில் கிடந்தது. பின்னுக்குச் சரிந்தபடி நின்று ஒரு திரியைக் கொளுத்திவிட்டு, கதிரையின் பக்கத்தில் நின்றேன். நான் ஓடிய கால். தெற்கே போய்ப் பதக்கம் எடுத்த கால். பஸ்ஸில் என்னோடு தனியே திரும்பி வந்த கால். இவ்வளவு வருடம் கழித்து அதற்கு மாலை விழுந்திருக்கிறது, வேறு ஒருத்தியின் பெயரில். ஒலிவாங்கி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அடுத்த நாளே அவளுடைய வீட்டுக்கு ஆள் போகும், அவளுடைய கால் திரும்பவும் அலுமாரிக்குள் போகும். அவள் அந்த நேரம் கடற்கரை வீதியில் ஓடிக்கொண்டிருப்பாள்.

படம் எடுக்க வந்த ஆள் கையால் என்னை விலக்கினார்.

"செயலாளர், கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ. நீங்கள் நிண்டால் கால் மறைக்குது."

நான் அங்கால் விலகி நின்றேன்.